எந்த மாநிலம் கொரோனாவை நன்றாகச் சமாளித்தது? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்தில் எந்த அரசு ஒழுங்காக வேலை செய்தது என்ற பேச்சு சேலத்தில் இன்னும் அடங்கவில்லை. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் ஒன்று சொல்வார். கேரளத்தில் நர்ஸாக இருந்தவர் வேறொன்று சொல்வார். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர் சொல்வது இரண்டிலும் சேராது. பொது சுகாதாரம் படிக்கும் மாணவர்களோடும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களோடும் பேசும்போது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து மாநிலங்களுக்கு ரேங்க் போடுவது அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. எப்படி எண்ணினார்கள், எப்போது முடிவெடுத்தார்கள், கடைசி வீடு வரை யார் போனார்கள் என்று பார்த்தால்தான் ஒப்பீடு உருப்படியாக இருக்கும்.

பெருந்தொற்றைச் சமாளிப்பது மாநிலத்தின் பொறுப்பா, மத்திய அரசின் பொறுப்பா?

இரண்டும்தான். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்கள் கையில் எடுத்தது 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். மத்திய அரசு நாடு முழுக்க ஊரடங்கு போட்டது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ்.

இதனால் ஒப்பீட்டுக்கு ஒரு விளைவு உண்டு. 2020 மார்ச் 25-க்குப் பிறகு சில மாதங்கள் எல்லா மாநிலங்களும் மத்திய அரசு போட்ட ஒரே கட்டத்துக்குள்தான் நின்றன. 2021 இரண்டாம் அலையில் ஊரடங்கு வேண்டுமா, எப்போது, எவ்வளவு என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள். ஆகவே மாநில அரசுகளின் சொந்த முடிவைப் பார்க்க நினைத்தால் 2021-ஐப் பாருங்கள்.

கேரளம் முதலில் பாராட்டு வாங்கியது. கடைசியில் அங்கேதானே எண்ணிக்கை எகிறியது? அப்போது அது தோல்விதானே?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில்தான் உறுதியானார், ஊஹானிலிருந்து திருச்சூருக்குத் திரும்பிய மருத்துவ மாணவி. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் தொற்று வந்துபோன அனுபவம் அவர்களுக்கு இருந்தது. யார் யாரோடு இருந்தார், எந்த பஸ்ஸில் வந்தார் என்று வரைபடம் போட்டுத் தேடும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. முதல் அலையை அது வெகுவாகத் தள்ளிப்போட்டது.

2021 ஜூலை, ஆகஸ்டில் நிலைமை தலைகீழானது போலத் தெரிந்தது. நாட்டின் புதிய தொற்றுகளில் பாதிக்கு மேல் கேரளத்திலிருந்தே வந்த நாட்கள் உண்டு. ஆனால் அந்த ஆண்டு ஜூன், ஜூலையில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நடத்திய நான்காவது தேசிய ரத்த மாதிரி ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் நாடு முழுக்க 67.6 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 79, தமிழ்நாட்டில் 69.2, கேரளத்தில் வெறும் 44.4. அதாவது தொற்றும் தடுப்பூசியும் இன்னும் எட்டாத மக்கள் கேரளத்தில்தான் அதிகம் மீதமிருந்தார்கள். மற்ற இடங்களில் யாரும் எண்ணாமலே வந்துபோன நோய், அங்கே தாமதமாக வந்தது, வந்ததையும் எண்ணினார்கள். தாமதமானது பெரிய விஷயம். ஆக்ஸிஜனும் தடுப்பூசியும் கிடைத்த பிறகு நோய் வருவதும், அவை இல்லாதபோது வருவதும் ஒன்றல்ல.

அதற்காகக் கேரளம் குறையே இல்லாமல் செய்தது என்று சொல்ல வரவில்லை. இறப்புக் கணக்கில் அவர்களும் பின்னால் நிறையச் சேர்க்க வேண்டி வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பரிசோதனை வேறு மாதிரி நடந்ததாமே?

ஆமாம், இதில் தமிழ்நாட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். டெல்லி, பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் 2020 நடுவிலிருந்து அரை மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் சோதனையைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டார்கள். ஐ.சி.எம்.ஆர். மதிப்பீட்டிலேயே அது உண்மையான நோயாளிகளில் 50 முதல் 84 சதவீதம் பேரைத்தான் கண்டுபிடித்தது. தமிழ்நாடு ஆய்வகத்தில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை ஒன்றையே பிடித்துக்கொண்டு நின்றது.

இரண்டு மாவட்டங்களில் ஆளுக்கு 1,000 பேரைச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் உண்மையில் 100 பேருக்கு நோய். ஆர்.டி.பி.சி.ஆர். செய்த மாவட்டத்தில் 90 பேர் பிடிபட்டால், ஆன்டிஜென் மட்டும் செய்த மாவட்டத்தில் 60 பேர். மறுநாள் செய்தியில் இரண்டாவது மாவட்டம் நல்ல பிள்ளை. பிடிபடாத 40 பேரும் அன்று மாலை சந்தைக்குப் போய் வருவார்கள்.

மலைக் கிராமங்களில் சோதனை எப்படி நடந்தது?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், முதலில் வருவது அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த பஞ்சுக் குச்சியைத் திரவம் உள்ள குழாயில் போட்டு, 2 முதல் 8 டிகிரி குளிரில் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். எஸ்டேட் பாதையில் மெயின் ரோட்டுக்கு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அடிவாரம் தாண்டி, சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அந்தப் பெட்டி வந்து சேர வேண்டும். முடிவு வரும் வரை அந்த மனிதர் வேலைக்குப் போகக் கூடாது. தினக்கூலிக்காரருக்கு அந்த நாட்களின் சம்பளத்தை யார் கொடுப்பது?

இதைத்தான் மாநில ஒப்பீட்டில் முதலில் கேட்க வேண்டும் என்பேன். ஒடிசா தனிமைப்படுத்தலை முழுதாக முடித்தவர்களுக்கு ரொக்கமாக 2,000 ரூபாய் அறிவித்தது. வெளியூரிலிருந்து திரும்பியவர்கள் பஞ்சாயத்தில் பதிவு செய்துகொள்ள அது ஒரு காரணமாக இருந்தது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021-இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் கிடைத்தன. ரேஷன் கடை வழியாக அரிசி அட்டை உள்ள எல்லா வீட்டுக்கும் போனதால் இதன் வீச்சு பெரியது. ஆனால் காய்ச்சலை மறைக்காமல் சொன்னால் கைக்கு ஏதாவது வரும் என்ற நம்பிக்கையை அது தரவில்லை. இரண்டும் இரண்டு வேறு வேலைகள். இரண்டுமே தேவைப்பட்டன.

ஏற்காட்டுக்கு மட்டும் ஏன் இ-பாஸ் தொடர்ந்தது?

2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று ஆனது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றுக்கும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் மாவட்ட ஆட்சியரின் இ-பாஸ் தேவை என்று வைத்தார்கள். சரியான முடிவு. மலையில் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது, மூச்சுத் திணறினால் கீழே கொண்டு வந்தாக வேண்டும். அதன் விலையைக் கொடுத்தது லாட்ஜ் ஊழியர்களும், படகுத்துறையைச் சுற்றிக் கடை போட்டவர்களும், வேன் ஓட்டுநர்களும். 2020, 2021 இரண்டு ஆண்டும் கோடை விழா நடக்கவில்லை.

ஊரடங்கை யார் சரியான நேரத்தில் போட்டார்கள்?

2021 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். கேரளம் மே 8, தமிழ்நாடும் கர்நாடகமும் மே 10. தேதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கர்நாடகத்தில் ஒரு நாள் தொற்று உச்சமான 50,112 மே 5-இலேயே வந்துவிட்டது. கேரளத்தின் உச்சம் மே 12-இல் 43,529. தமிழ்நாட்டின் உச்சம் மே 21-இல் 36,184. அலை ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு கட்டத்தில் இருந்தபோது ஏறக்குறைய ஒரே நாளில் கதவைச் சாத்தினார்கள்.

தமிழ்நாடு மே 10-இல் போட்டது ஓட்டை நிறைய உள்ள ஊரடங்கு. காலையில் மளிகை, காய்கறிக் கடைகள் திறந்திருந்தன, அந்தச் சாக்கில் நடமாட்டமும் குறையவில்லை. மே 24-இல்தான் முழு ஊரடங்கு. இடையில் போன இரண்டு வாரம் மேற்கு மாவட்டங்களுக்குப் பெரிய அடி. சென்னையில் இறங்கத் தொடங்கிய எண்ணிக்கை கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் ஏறியது. ஜூன் 7-இல் தளர்வு அறிவித்தபோது குறைவான தளர்வு பெற்ற 11 மாவட்டங்களில் சேலமும் ஒன்று. கொலுசுப் பட்டறையும் தறியும் மேலும் பல நாள் ஓடாமல் கிடந்ததற்கு இதுதான் காரணம்.

சேலத்தில் 2020-க்கும் 2021-க்கும் என்ன வித்தியாசம்? ஆட்சி மாறியதால்தானா?

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. ஞாயிறு முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாளும், சேலம், திருப்பூரில் மூன்று நாளும் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் கிடைத்தது சனிக்கிழமை ஒரு நாள்தான். அன்று காய்கறிக் கடைகளில் நெரித்த கூட்டத்தை ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவே தொற்றுக்கு ஒரு நாள் வசதி செய்து கொடுத்தது. 2021 மே 22-இல் முழு ஊரடங்கை அறிவித்தபோதும் இரண்டு நாள் கூட்டம் நெரிந்தது, ஆனால் அதற்குப் பிறகு தோட்டக்கலைத் துறை மூலம் வண்டிகளில் காய்கறி தெருவுக்கே வந்தது. முந்தைய ஆண்டிலிருந்து பாதிப் பாடம் படித்திருந்தார்கள்.

முதல் அலையின்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி இந்த மாவட்டத்துக்காரர். இரண்டாம் அலையின் உச்சத்தில், 2021 மே 20 அன்று, முதல்வர் ஸ்டாலின் சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்ஸிஜன் படுக்கைகளுடன் சிகிச்சை மையத்தைத் திறந்து வைத்தார். ஆலையிலேயே ஆக்ஸிஜன் தயாராவதால் இடத் தேர்வு புத்திசாலித்தனமானது. கட்சிக்காரர்கள் இதில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு: 2020 ஜூனில் சுகாதாரத் துறைச் செயலாளராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன் ஆட்சி மாறிய பிறகும் அதே இடத்தில் தொடர்ந்தார். பொது சுகாதார இயக்குநரகம், துணை இயக்குநர்கள், சுகாதார ஆய்வாளர்கள், செவிலியர்கள் என்று கீழே இருந்த அமைப்பும் அப்படியே இருந்தது. 1939-இலேயே மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. மருத்துவமனைப் பணியிலிருந்து தனியாகப் பொது சுகாதாரத்துக்கென்றே ஊழியர் வரிசை வைத்திருப்பதும் இங்கே பழக்கம். மருந்து வாங்கிச் சேமிக்க 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் இருந்தது. பல வட மாநிலங்களில் 2020-இல் இந்த அளவுக்கு அடித்தளம் இல்லை.

அப்படியானால் தமிழ்நாட்டில் பெரிய குறை எது?

உள்ளாட்சி. இதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம்.

சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல். பெருந்தொற்றின் இரண்டு கொடிய ஆண்டுகளிலும் அம்மாபேட்டைக்கோ கொண்டலாம்பட்டிக்கோ சூரமங்கலத்துக்கோ ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. தெருவுக்குத் தகரம் அடித்து அடைத்தால், உள்ளே இருக்கும் வீட்டுக்குப் பால் வருமா, சுகர் மாத்திரை வருமா என்று கேட்கப் பெயர் தெரிந்த ஓர் ஆள் இல்லை. அதிகாரிகளும் தூய்மைப் பணியாளர்களும் ராப்பகலாக உழைத்தார்கள். ஆனால் அதிகாரி மாற்றலாகிப் போவார், ஓட்டுக் கேட்டு மறுபடி அதே தெருவுக்கு வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பெங்களூரிலும் இதே கதை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் காலாவதியானது, இரண்டாம் அலை வந்தபோது அங்கேயும் கவுன்சிலர்கள் இல்லை.

கேரளம் பெருந்தொற்றின் நடுவிலேயே, 2020 டிசம்பரில், உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடித்தது. வார்டு அளவிலான விழிப்புக் குழுக்கள், குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவி அமைப்பின் பெண்கள் நடத்திய சமூக சமையலறைகள் எல்லாம் அந்த உள்ளாட்சி அமைப்போடு சேர்ந்தே ஓடின. ஒடிசா 2020 ஏப்ரலில் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு ஆட்சியரின் அதிகாரத்தையே அவரவர் ஊர் எல்லைக்குள் கொடுத்தது.

நம் கிராமங்களில் ஆள் இல்லாமல் இல்லை. சேலம் மாவட்டத்தில் 2019 டிசம்பரிலேயே ஊராட்சித் தேர்தல் முடிந்து, ஏற்காடு ஒன்றியத்திலும் புதிதாகத் தேர்வான தலைவர்கள் இருந்தார்கள். எந்த வீட்டுப் பையன் திருப்பூரிலிருந்து நேற்று இரவு வந்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒன்றிய அலுவலகத்திலும் தங்கிவிட்டது.

இறப்பு எண்ணிக்கையையாவது நம்பி ஒப்பிடலாமா?

அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகாரப்பூர்வக் கணக்கில் தமிழ்நாட்டில் சுமார் 38,000 பேர், தமிழ்நாட்டின் பாதி மக்கள்தொகைகூட இல்லாத கேரளத்தில் 70,000-க்கும் மேல். இதைப் பார்த்ததும் முடிவுக்கு வருவதற்கு முன் ஓர் இறப்புச் சான்றைப் பாருங்கள்.

அம்மாபேட்டையில் தறி ஓட்டும் 62 வயதுக்காரர், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் நிரப்பும் படிவம் 4-இல் முதல் பகுதியில் (அ), (ஆ), (இ) என்று வரிகள் இருக்கும். முதல் வரியில் உடனடிக் காரணம், மூச்சுச் செயலிழப்பு. அதற்குக் காரணமான நிமோனியா அடுத்த வரியில். அதற்கும் அடிப்படையான கொரோனா கடைசி வரியில். சர்க்கரை நோய் இரண்டாம் பகுதிக்குப் போக வேண்டும். ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல் இதைத்தான் சொன்னது. சர்க்கரையை மேலே ஏற்றி, கொரோனாவை விட்டுவிட்டால் அந்த மனிதர் கணக்கில் வரவே மாட்டார். பரிசோதனை முடிவு வருவதற்குள் இறந்தால் அதுவும் சிக்கல். வீட்டிலேயே இறந்தால் இன்னும் சிக்கல்.

எல்லா மாநிலத்திலும் இது நடந்தது. சென்னையில் விடுபட்ட 444 இறப்புகளைத் தமிழ்நாடு 2020 ஜூலையில் ஒரே நாளில் சேர்த்தது. பீகார் 2021 ஜூனில் ஒரே நாளில் சுமார் 4,000 இறப்புகளைச் சேர்த்தது. உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, நோய் உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தவர்களைச் சேர்க்கலாம், குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று வந்ததும், கேரளம் பழைய இறப்புகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தது. அங்கே முதியவர்களின் பங்கும் இந்தியாவிலேயே அதிகம்: 2011 கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம். நாட்டுச் சராசரி 8.6.

எந்தக் காரணமானாலும் சரி என்று மொத்த இறப்புகளைப் பார்ப்பதுதான் நேர்மையான வழி. இந்தியாவில் பதிவான இறப்புகள் 2019-இல் 76.4 லட்சம், 2020-இல் 81.2 லட்சம், 2021-இல் 102 லட்சத்துக்கும் மேல். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு. ஆனால் 2021-க்கு அரசு சொன்ன கொரோனா இறப்புகள் சுமார் 3.3 லட்சம். இருபத்தொரு லட்ச ஏற்றத்தை அது விளக்காது.

வெளிமாநிலத் தொழிலாளர் முகாம்களில் கேரளம்தான் முதலிடம் என்கிறார்களே?

2020 ஏப்ரலில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கில், நாட்டின் 22,567 முகாம்களில் 15,541 கேரளத்தில் இருந்தன. ஏறத்தாழ 69 சதவீதம். ஆனால் அவற்றில் தங்கியவர்கள் சுமார் 3 லட்சம், ஒரு முகாமுக்கு 20 பேர்கூட இல்லை. ஆள் கணக்கில் பார்த்தால் நாட்டின் சுமார் பாதி. அதுவே பெரிய சாதனைதான், 69-ஐச் சொல்லி மிகைப்படுத்த வேண்டியதில்லை.

தடுப்பூசியில்?

தொடக்கத்தில் தமிழ்நாடு பின்தங்கியது. 2021 ஏப்ரல் வரை கொடுத்த டோஸில் 12 சதவீதம் வீணானது, ஏனென்றால் குப்பியைத் திறந்த பிறகு போட்டுக்கொள்ள ஆள் வரவில்லை. கேரளச் செவிலியர்கள் குப்பியில் மிச்சமாக இருக்கும் துளியையும் உறிஞ்சி, வந்த டோஸைவிட அதிகம் பேருக்குப் போட்டார்கள். பிறகு செப்டம்பர் 12-இல் தமிழ்நாடு முதல் மெகா முகாம் நடத்தி ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டது. முகாம் ஆரம்ப சுகாதார நிலையத்தைவிட்டு ஊருக்குள் வந்ததும் தயக்கம் குறைந்தது.

நாங்களே சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ கணக்குப் பார்க்க முடியுமா?

முடியும், செய்யுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969 முதல் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மாநகராட்சிக்கு ஒரு மனு, மலைக் கிராமங்களுக்கு வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. யாருடைய பெயரும் கேட்காதீர்கள். 2017 முதல் 2022 வரை, மாத வாரியாக, பதிவான மொத்த இறப்புகள் எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

பதில் வந்ததும் 2017, 2018, 2019 மூன்று ஆண்டுகளின் மே, ஜூன் மாதச் சராசரியை எடுத்து, 2021 மே, ஜூனோடு வைத்துப் பாருங்கள். இறந்த தேதிப்படியா, பதிவான தேதிப்படியா என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். ஊரடங்கில் பதிவு தள்ளிப்போனதால் ஜூலை, ஆகஸ்டில் எண்ணிக்கை வீங்கியிருக்கும். இன்னொன்று: மலையிலிருந்து கீழே கொண்டுவந்து சேலம் ஜி.எச்.-இல் இறந்தவர்கள் மாநகராட்சிப் பதிவேட்டில்தான் இருப்பார்கள். வசித்த இடத்தின் வாரியாகவும் பிரித்துக் கேட்டால்தான் ஏற்காட்டுக்காரர்கள் ஏற்காட்டுக் கணக்கில் வருவார்கள்.